பொன்னுக்கு வீங்கி

துப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
குன்னூரில், ஏலத்துக்கு முந்தைய நாள் நாற்பது கோப்பை,
சில வாரம் அறுபது.
உறிஞ்சுகிற சத்தம் வாசல்வரை கேட்க வேண்டும்.
அண்ணத்தில் அடித்து, நாக்கில் உருட்டி,
சக்கரம் வைத்த பித்தளைத் தொட்டியில் துப்பிவிட்டு
ஒரே சொல்:
சப்பை. புகை. பரவாயில்லை.
பெள்ளி எழுதிக்கொள்வான்.

போன ஆடியில் தேநீர்தான் வெளியே வந்தது,
என்னுடையது எதுவும் அதோடு வரவில்லை.
மாரி பிஸ்கட் மேலண்ணத்தில்
தபால்தலைபோல் ஒட்டிக்கொண்டது.
பல் டாக்டர் இரண்டைப் பிடுங்கினார்,
தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

புரட்டாசியில் இடது காதுக்கு முன்னால் ஒரு மேடு.
வலியில்லை.
பொன்னுக்கு வீங்கி என்றாள் சூசையம்மாள்,
தங்கத்தைக் கழுத்தில் போடு, இறங்கிடும்.
மூன்றரைப் பவுன் சங்கிலியை
ராத்திரியும் கழற்றாமல் கிடந்தேன்.
மார்கழி வந்தது.
சங்கிலி மினுக்கியது, மேடு வளர்ந்தது.

"அது பத்து நாள் விருந்தாளி.
இது குடிவந்திருக்கிறது" என்றார் காது டாக்டர்.
இமைக்குள் ஒரு தாளை மடித்துச் சொருகி
ஐந்து நிமிடம் என்றார்.
ஐந்து நிமிடம் எனக்குத் தெரியும், இலை ஊறும் நேரம்.
எடுத்தபோது நனைந்திருந்தது மூன்று மில்லிமீட்டர்.

மெல்லிய ஊசி வைத்தார்கள்.
காகிதத்தில் வந்தது: தெளிவில்லை, தடித்த ஊசி தேவை.

பர்லியாறு தாண்டும்போது பஸ்ஸில் எல்லோருக்கும் காதடைத்தது.
எல்லோரும் எச்சில் விழுங்கித் திறந்துகொண்டார்கள்.
நான் அடைத்த காதோடு
மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தேன்.

கோவையில் டாக்டர் நஸ்ரின் திரையைத் திருப்பிக் காட்டினார்.
பழுப்பு. எங்கு பார்த்தாலும் பழுப்பு.
இந்தச் சாயம் ஏறியதால் மருந்து பிடிக்கும் என்றார்.
ரொம்ப நேரம் ஊறிய டஸ்ட் நிறம் என்று
சொல்ல வந்ததை விழுங்கினேன், வறட்டு விழுங்கல்.

என் உடம்பே என் ஊற்றுகளை அடைக்க
வருடக்கணக்காய் ஆள் அனுப்பியிருக்கிறது.
அதில் ஒருவன் ஊர் திரும்பவில்லை.
உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே தங்கி
அச்சு அசலாய்த் தன்னையே பெருக்கிக்கொண்டிருக்கிறான்.
அவன் பெயர் மால்ட் லிம்போமா.
சிரித்துவிட்டேன்.
மால்ட் என்பது
நல்ல அசாம் இலைக்கு நாங்கள் கொடுக்கும் பாராட்டு.

உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள்.
காதோரம் மட்டும் விளக்கு எரிந்தது.
அதற்குத்தான் சங்கிலி அடகுக்குப் போனது.
சூசையம்மாள் பொய் சொல்லவில்லை,
பொன் கேட்டுத்தான் வீங்கியிருக்கிறது.

கதிர் வைக்கலாம், பன்னிரண்டு நாள்.
இருக்கிற ஈரமும் குறையலாம்.
அல்லது சொட்டு மருந்து, வாரம் ஒன்றாய் நான்கு.
"எச்சில் திரும்புமா டாக்டர்?"
"கட்டி அடங்கும் என்று நம்புகிறேன்.
எச்சிலுக்கு வாக்குத் தர மாட்டேன்."
அந்த பதிலுக்காகவே அவரை நம்பினேன்.

முதல் சொட்டில் பல் கிட்டியது.
குன்னூர்க்காரி கோவை வெயிலில் நடுங்குகிறாள் என்று
நர்ஸ் இரண்டு கம்பளி போட்டுச் சிரித்தாள்.
இரண்டாம் வாரம் ஊசிமுனையில் தூங்கிப்போனேன்.
நான்காவது முடிந்து பங்குனியில்
விரலுக்குத் தட்டுப்படுவது தாடை எலும்பு மட்டும்.

இப்போது கோப்பைக்குக் கோப்பை ஒரு மடக்குத் தண்ணீர்.
பாதியை மூக்கால் சொல்கிறேன்,
பெள்ளிக்குத் தெரியும், எழுதிக்கொள்கிறான்.
நேற்று ஏழாம் கோப்பைக்கும் எட்டாம் கோப்பைக்கும் நடுவில்
நாக்கின் அடியில் நூலிழையாய் ஏதோ ஊறியது.
தொட்டியை இழுத்தவன் காத்துக்கொண்டு நின்றான்.
துப்பவில்லை.

அடுத்த ஸ்கேன் ஆவணியில்.
சங்கிலிக்கு வட்டியும்
ஆவணியில்.